பத்தமடைப் பாயைப் பத்தமடையில் இறங்கி வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. இனி ஆவணி வரைக்கும் எல்லாத் திசையிலிருந்தும் வேனும் பஸ்ஸும் தென்காசிப் பக்கம்தான் போகும். குளித்து முடித்துத் திரும்புகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. மங்குஸ்தான், ரம்புட்டான், நேந்திரங்காய் சிப்ஸ், அப்புறம் வீட்டுக்கென்று கைவினைப் பொருள் ஏதாவது ஒன்று. அந்தக் கடைசிப் பொருளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சீசன் முடிந்தபிறகு எழுதி யாருக்கும் பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

போன சீசனில் என் சம்பந்தி வீட்டார் குற்றாலம் போய்விட்டு வந்தபோது எனக்கென்று ஒரு பாய் வாங்கி வந்தார்கள். "பத்தமடைப் பாய், சம்பந்தியம்மா. உங்களுக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே" என்று ஆசையாக நீட்டினார்கள். உறைக்குள்ளே 'ஒரிஜினல் பத்தமடை பட்டுப்பாய்' என்று அச்சடித்த தாள் ஒன்று. பிரித்தேன். பத்தமடைப் பாய் என்றால் கோரைப் புல்லில் நெய்தது. அந்தப் பாயில் ஒரு கோரைகூட இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பிளாஸ்டிக். அவர்கள் மனம் நோகக் கூடாது என்று அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கொடுத்த ஆயிரத்துச் சொச்சம் ரூபாயும், பத்தமடை என்ற ஊரின் பெயரும் அந்தக் கடைக்காரருக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டதே என்ற எரிச்சல் இன்னும் தீரவில்லை.

பிளாஸ்டிக் பாயை நான் குறை சொல்ல வரவில்லை. விலை குறைவு, நனைந்தாலும் கெடாது, மொட்டைமாடிக்கு ஆகும். பிளாஸ்டிக் பாய் என்று சொல்லி விற்கட்டும், வேண்டியவர்கள் வாங்கட்டும். இன்னொரு ஊரின் பேரை ஒட்டி விற்பதுதான் தப்பு.

ஈரோட்டுக்காரிக்குப் பத்தமடையைப் பற்றி என்ன இவ்வளவு அக்கறை என்று சிலர் நினைக்கலாம். எங்களுக்குப் பக்கத்து ஊர் பவானி. பவானி ஜமக்காளம் என்றால் தெரியாத தமிழர் இருக்க மாட்டார்கள். கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் விரித்து உட்கார்ந்த ஜமக்காளம் அது. 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறியில்தான் நெய்யப்பட வேண்டும். போதாததற்கு, ஒரு ஊரின் பேரை அந்த ஊர்ப் பொருளுக்கே உரியதாக்கும் புவிசார் குறியீடும் 2005-06-ல் கிடைத்தது. இவ்வளவு இருந்தும் சோலாப்பூர்ப் பக்கமிருந்து வருகிற விசைத்தறி விரிப்புகள் 'பவானி ஜமக்காளம்' என்ற பேரில் விற்பனையாவதாக எங்கள் பக்கத்து நெசவாளர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். நான் தையல் ஆசிரியையாக இருந்த காலத்தில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பவானியில் தறி ஓடும் வீடுகளுக்குக் கூட்டிப் போவேன். தறி நிற்க நிற்க, போவதற்கு வீடு குறைந்துகொண்டே வந்தது. சட்டம் துணை நிற்கும் ஜமக்காளத்துக்கே இந்த நிலை. கோரைப்பாய் அந்த 1985 சட்டத்திலும் கிடையாது. பத்தமடைக்கு இருக்கிற ஒரே காப்பு புவிசார் குறியீடுதான். அதைப் பெற்றும் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது.

பத்தமடைக்கு நேரில் போய்ப் பார்த்தவள் என்பதால், அங்கே ஒரு பாய் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது தெரிந்துவிட்டால் யாரும் யாரையும் ஏமாற்றுவது கஷ்டம்.

ஊர் திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில், சேரன்மகாதேவிக்கு முன்னால் இருக்கிறது. ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊரும் இதுதான். பாய் நெய்கிறவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள். நான் போன வீட்டில் முன்கூடம்தான் தறிக்கூடம். தறி என்றதும் நம் ஊர்க் குழித்தறி மாதிரி பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. தரையில் முளை அடித்து, இரண்டு பக்கமும் கட்டை போட்டு, நடுவில் பருத்தி நூலை நீளவாட்டில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். இதைத்தான் பாவு என்பார்கள். அந்தப் பாவு நூலைத் தூக்கிப் பிடிக்க மூங்கில் கம்புகள். துளையிட்ட அச்சுக்கட்டை ஒன்று. அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, சத்தமும் அதிகம் இல்லை.

வேலை தறியில் ஆரம்பிப்பதும் இல்லை. தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் விளைகிற கோரையைப் பச்சையாக அறுத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊறிய கோரை உப்பிப் பருத்துவிடும். அதை எடுத்து நெடுக்கே கீறி, உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதியை நீக்கி, மேல்தோலை மட்டும் இழை இழையாக வகிர்கிறார்கள். அந்த வீட்டு அம்மா என் கண் முன்னால் ஒரு கோரையைக் கீறிக் காட்டினார். கத்தி அப்படியொன்றும் விசேஷமானதில்லை, தேய்ந்துபோன பழைய கத்தி. கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் வைத்துக்கொண்டு, கோரையைக் கத்திக்கு எதிராக இழுக்கிறார். ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை இழை ஒரே அகலத்தில் வருகிறது. தடிமன் கொஞ்சம் கூடினாலும் கண் பார்க்குமுன் விரல் கண்டுபிடித்துவிடுகிறது, அந்த இழையைத் தனியே போட்டுவிடுகிறார். "அது சாதாப் பாய்க்கும்மா. பட்டுப்பாய்க்கு ஆகாது" என்றார்.

பட்டுப்பாய் என்றால் பட்டு நூல் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டுப்போல மெல்லிசாக, வழவழப்பாக இருப்பதால் அந்தப் பெயர். இழை எவ்வளவு நெருக்கம் என்பதைக் கவுண்ட் கணக்கில் சொல்கிறார்கள். சாதாரணப் பாய் வேறு, நூறு கவுண்டைத் தாண்டிய பாய் வேறு. நூற்றிருபது, நூற்றிநாற்பது கவுண்ட் பாயைக் கையில் எடுத்தால் துணி மாதிரி மடங்குகிறது. அதை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. ஒருவர் நீளக் குச்சியின் நுனியில் கோரை இழையைப் பிடித்துப் பாவுக்குள் செலுத்த, இன்னொருவர் அச்சை அழுத்தி அடித்து, ஓரத்தில் இழையை மடக்கிவிடுகிறார். ஒவ்வொரு இழைக்கும் இப்படித்தான். இழையின் அடியும் நுனியும் ஒரே தடிமனில் இருக்காது என்பதால், ஒன்றை வலப்பக்கமிருந்தும் அடுத்ததை இடப்பக்கமிருந்தும் விடுகிறார்கள். இல்லையென்றால் பாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளுமாம். நாற்பது வருஷத்துக்கு மேல் துணியோடு பழகியவள் நான். எனக்கே இது புதிய பாடமாக இருந்தது.

கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயரை நெய்து தருகிறார்கள். சாயம் ஏற்றிய இழையை எந்த இடத்தில் மேலே எடுக்க வேண்டும், எந்த இடத்தில் கீழே விட வேண்டும் என்று கணக்குப் போட்டு நெய்கிற எழுத்து அது. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடையிலிருந்து பாய் போனது என்பதை அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள்.

இப்போது விலைக்கு வருகிறேன். மனம் பொறுக்காமல் எழுதுவது இதைத்தான். நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு வேன் வந்து நின்றது. நல்ல வசதியான குடும்பம். பாயைத் தொட்டுப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பிள்ளைகளைத் தறியில் உட்காரவைத்தும் படம் எடுத்தார்கள். விலையைக் கேட்டதும், "குத்தாலத்துல இதே பாய் பாதி விலைக்குத் தர்றாங்களே" என்று ஆரம்பித்தார்கள். அந்த அம்மா, "அது இது இல்லைங்க" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் பேரம் பேசிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்கள். போலிப் பாய் செய்கிற பெரிய கெடுதல் இதுதான். அதை வாங்கியவருக்கு நஷ்டம் ஒரு தடவையோடு முடிந்துவிடும். அந்தப் போலியின் விலை மட்டும் நிஜப் பாயின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, நெய்தவர் கேட்கிற நியாயமான விலையை அநியாய விலையாக்கிவிடுகிறது.

அவர்கள் போனபிறகு நான் ஒரு கணக்குப் போட்டேன். அந்தப் பட்டுப்பாய்க்குச் சொன்ன விலையில் கோரை, சாயம், நூல் செலவைக் கழித்து, மீதியைக் கீறியது, காயவைத்தது, நெய்தது என்று எல்லா நாட்களுக்கும் இரண்டு பேருக்குமாகப் பங்கிட்டால், ஒருவருக்கு நூறு நாள் வேலைத் திட்டக் கூலிகூடத் தேறவில்லை. இதில் இன்னும் என்ன குறைப்பது? சந்தையில் வியாபாரியிடம் பேரம் பேசுவதை நான் தப்பு என்று சொல்லவில்லை. நானும் பேசுகிறவள்தான். வாங்கி விற்கிறவர் லாபத்துக்கும் இடம் வைத்துத்தான் விலை சொல்வார். நெய்கிறவர் சொல்லும் விலையில் இருப்பது அவருடைய கூலி. அவரிடம் கேட்க வேண்டியது "இதில் எத்தனை நாள் வேலை இருக்கிறது?" என்ற ஒரு கேள்விதான். பதில் கேட்டபிறகு பேரம் பேச வாய் வராது.

நல்ல பாயைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. முகர்ந்து பாருங்கள். கோரைக்குக் காய்ந்த புல் வாசம் உண்டு. வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு இழை சற்று வெளிறியும் அடுத்தது சற்றுப் பழுப்பாகவும் இருக்கும். பிளாஸ்டிக் பாயில் எல்லா இழையும் ஒரே நிறம், ஒரே பளபளப்பு. ஓரத்தைப் பாருங்கள், இழையைக் கையால் மடக்கிவிட்ட இடம் தெரியும். பாவு நூலை முடிச்சுப் போட்ட விதம் தெரியும். இன்னொரு விஷயமும் உண்டு. பத்தமடையிலேயே இயந்திரத் தறியில் நெய்த கோரைப்பாயும் கிடைக்கிறது. கரூர், முசிறிப் பக்கத்துக் காவிரிக் கோரையில் நெய்த பாயும் உண்டு. அவையும் கோரைதான், அன்றாடம் படுக்க நல்ல பாய்தான், விலையும் குறைவு. கைப்பாயா, மிஷின் பாயா என்று கேட்டு, தெரிந்து வாங்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள்.

வாங்கி வந்த பாயைப் பாழாக்குகிறவர்களும் உண்டு என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். பட்டுப்பாயை அலமாரியில் மடித்து வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் இழை முறியும். சுருட்டித்தான் வைக்க வேண்டும். ஈரம் பட்டால் உடனே துடைத்து நிழலில் உலர்த்துங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் காலை வெயில் கொஞ்ச நேரம் காட்டினால் போதும். பயணத்தில் சுமக்க முடியாது என்பவர்கள் பழைய காட்டன் துணியில் சுற்றி, இரண்டு முனையையும் தைத்து, தபால் நிலையத்தில் பார்சலாகப் போடலாம். நான் அப்படித்தான் அனுப்பினேன். ஒரு மடிப்புக்கூட விழாமல் வந்து சேர்ந்தது.

இனி அரசுக்கு. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் வந்து, 2003-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் பதிவகமே நம் சென்னையில் கிண்டியில்தான் இருக்கிறது. பதிவு பெற்ற பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. சுற்றுலாத் தலங்களில் கடை கடையாக ஏறி 'பத்தமடை' என்று அச்சடித்த உறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு நாள் போதும். வழக்குப் போடுவது அப்புறம் இருக்கட்டும். முதலில் அந்தத் தாள்களை எடுக்கச் சொன்னாலே பாதிப் பிரச்சனை தீரும். தன் ஊரின் பெயரைக் காப்பாற்ற, பாய் நெய்கிற ஒரு பெண் வக்கீல் வைத்து நீதிமன்றம் போவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அவருக்காக அரசுதான் போக வேண்டும்.

இரண்டாவது, வழி. பத்தமடை மெயின் ரோட்டில் இறங்கி நின்றால் எந்தத் தெருவில் பாய் நெய்கிறார்கள் என்று புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. நான் ஒரு டீக்கடையில் விசாரித்துத்தான் போனேன். வழிகாட்டிப் பலகை ஒன்று வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? சாரல் திருவிழாவை ஒவ்வொரு வருடமும் அரசு குற்றாலத்தில் நடத்துகிறது. அங்கே பத்தமடை நெசவாளர்களுக்கு வாடகை வாங்காமல் ஒரு கூடம் கொடுத்து, ஒரு தறியையும் போட்டுவைத்தால், போலிப் பாயை வாங்குகிறவர்கள் தானாகக் குறைவார்கள். நெய்வதை ஒரு தடவை பார்த்தவருக்கு மறுபடி யாரும் பிளாஸ்டிக்கைக் காட்டி ஏமாற்ற முடியாது. 'ஒரு நிலையம் ஒரு பொருள்' என்று ரயில்வே 2022-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது, ஸ்டேஷனில் அந்தந்த ஊர்ப் பொருளை விற்க. திருநெல்வேலி–செங்கோட்டைப் பாதையில் வருகிற ஸ்டேஷன்களுக்கு அதைவிடப் பொருத்தமான திட்டம் இல்லை.

ஏனென்றால் அந்தப் பாதை முழுக்கவே கைவேலைக்காரர்களின் ஊர்கள். சேரன்மகாதேவியில் இறங்கினால் பத்தமடை பக்கம். அடுத்த காருகுறிச்சியில் மண்பாண்டம். அதற்கடுத்த வீரவநல்லூரில், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற செடிபுட்டா சேலை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து அரக்கு வண்ணம் ஏற்றிய மரச் சொப்பு. பேத்திக்கு ஒரு சொப்பு செட் வாங்கிக் கொடுத்தேன். அரிசி போட்டுப் பொங்கல் வைக்கிறாள், உரலில் இடிக்கிறாள், செல்போனைத் தேடுவதில்லை. குற்றாலம் போகிறவர்கள் ஒரு பகலை இந்தப் பாதைக்கு ஒதுக்கலாம். வேன் டிரைவர்கள் காட்டுகிற கடையில்தான் இறங்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கமிஷன் கொடுக்கிற கடையில்தான் வண்டி நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. நீங்கள்தான் வாடகை கொடுக்கிறீர்கள், நீங்கள் சொல்கிற இடத்தில் வண்டி நிற்கும்.

நேரில் போக முடியாதவர்களுக்குத் தமிழக அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் முடிகிறவர்கள் நெய்கிற வீட்டுக்கே போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்த வீட்டு அம்மாவின் மகள் டிகிரி முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போகிறாள். பணத்தை அவள் போனுக்குத்தான் அனுப்பினேன். "நீ நெய்யலையாம்மா?" என்று கேட்டேன். "தெரியும் ஆன்ட்டி. மாசம் பத்து பாய் ஆர்டர் நேரா வந்தா வீட்டுலயே இருந்து நெய்வேன்" என்றாள். மாதம் பத்து ஆர்டர். குற்றாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிற்கிற வண்டிகளில் நூற்றில் ஒன்று பத்தமடைக்குத் திரும்பினால்கூட அதற்கு மேலேயே வந்துவிடும்.

கடைசியாக உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சீசன் நாட்களில் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று தண்ணீர் வரத்தைத் தினமும் உங்கள் நாளிதழில் போடுகிறீர்கள். வண்டி ஏறுகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அதற்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டு, எந்த ஊரில் என்ன செய்கிறார்கள், எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று வாரம் ஒரு ஊராகப் போட முடியுமா? பத்தமடையிலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
ஈரோடு.